உள்ளங்கையில் கிளைத்த பெயர்கள்

பதினோராம் வகுப்புத் தாவரவியலில் 'அங்கை வடிவக் கூட்டிலை' என்று வருகிறது. மருத்துவப் படிப்பின் முதலாண்டில் 'பால்மாரிஸ் லாங்கஸ்', 'தீனார் எமினன்ஸ்' என்று வருகிறது. எலும்பு முறிவுக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டவரின் டிஸ்சார்ஜ் சீட்டில் 'வோலார் பிளேட்டிங்' என்று எழுதியிருக்கிறார்கள். மூன்றும் வெவ்வேறு உலகங்கள்போலத் தெரியும். ஆனால் மூன்றுக்கும் பிறப்பிடம் ஒன்றுதான்: விரித்த உள்ளங்கை.

மாணவர்களில் பலர் இந்தப் பெயர்களை மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகிறார்கள். அது பெரிய இழப்பு. இவை ஒவ்வொன்றும் ஒரு சிறு வருணனை. கையை விரித்து வைத்துக்கொண்டு படித்தால் பெயரே பாதிப் பாடத்தைச் சொல்லிவிடும். அந்த உறுப்போ இலையோ எப்படி வேலை செய்கிறது என்பதற்கும் பெயர் வழிகாட்டும்.

ஐந்து மூலச் சொற்கள்

லத்தீனில் உள்ளங்கைக்குப் 'பால்மா' என்று பெயர். அதே மொழியில் 'வோலா' என்றொரு சொல்லும் உண்டு. உள்ளங்கை, உள்ளங்கால் இரண்டின் குழிவையும் அது குறித்தது. கிரேக்கத்தில் உள்ளங்கை 'தேனார்'. விரலுக்கு லத்தீனில் 'டிஜிட்டஸ்', கிரேக்கத்தில் 'டாக்டிலோஸ்'. உடற்கூறியலும் தாவரவியலும் கையிலிருந்து எடுத்த பெயர்களில் பெரும்பாலானவை இந்த ஐந்துக்குள் அடங்கிவிடும்.

தமிழில் 'அங்கை' என்பது அகம், கை என்ற இரண்டும் சேர்ந்த சொல். கையின் உட்புறம் என்று பொருள். பாடநூல்கள் 'பால்மேட்' என்பதற்கு 'அங்கை வடிவம்' என்று எழுதுவது மிகப் பொருத்தமான தேர்வு.

கட்டைவிரலின் மேடு, சுண்டுவிரலின் மேடு

கட்டைவிரலை மடக்கிச் சுண்டுவிரலின் நுனியைத் தொடுங்கள். மற்றொரு கையின் விரலால் கட்டைவிரலின் அடியில் உள்ள சதைமேட்டை அழுத்திப் பாருங்கள்; இறுகியிருக்கும். அதுதான் தீனார் மேடு. முழு உள்ளங்கைக்கும் உரிய கிரேக்கப் பெயர், மருத்துவத்தில் இந்த ஒரு மேட்டுக்கென்று ஒதுங்கிவிட்டது.

இந்த மேட்டுக்குள் மூன்று சிறு தசைகள் உள்ளன. ஒன்று கட்டைவிரலை விலக்குகிறது, ஒன்று மடக்குகிறது, மூன்றாவது, மற்ற விரல்களுக்கு எதிராகக் கட்டைவிரலைத் திருப்பிக் கொண்டுவருகிறது. சட்டைக்குப் பொத்தான் போடுவது, ஊசியில் நூல் கோப்பது, பூத்தொடுப்பது எல்லாம் இந்த மூன்றாவது தசை இல்லாமல் நடக்காது. மூன்றையும் முதன்மையாக இயக்குவது மீடியன் நரம்பின் ஒரு கிளை. மணிக்கட்டுக்குள் இருக்கும் குறுகலான வழியில் அந்த நரம்பு நீண்ட காலம் நசுங்கினால் விரல்கள் மரத்துப்போகும். கவனிக்காமல் விட்டால் தீனார் மேடு வற்றித் தட்டையாகும். மருத்துவர் இரண்டு கைகளையும் அருகருகே வைத்து இந்த மேடுகளை ஒப்பிட்டுப் பார்ப்பது இதற்காகத்தான்.

எதிர்ப்பக்கம், சுண்டுவிரலுக்குக் கீழே உள்ளது ஹைப்போதீனார் மேடு. 'ஹைப்போ' என்றால் கீழே, குறைவாக என்று பொருள். இங்கேயும் மூன்று தசைகள். இவற்றை இயக்குவது அல்னார் நரம்பு. முழங்கையை எங்கேனும் இடித்துக்கொண்டால் 'சுரீர்' என்று சுண்டுவிரல் வரை ஓடும் அந்த உணர்வு, இந்த நரம்பின் வழியே வருவது. தொழுநோய் கையில் அதிகம் தாக்கும் நரம்பும் இதுவே. அப்போது ஹைப்போதீனார் மேடு வற்றும். மோதிரவிரலும் சுண்டுவிரலும் கொக்கிபோல் மடங்கிக்கொள்ளும். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் டாக்டர் பால் பிராண்ட் 1940-களின் இறுதியில் தொடங்கிய அறுவை சிகிச்சைகள், நல்ல நிலையில் உள்ள தசைநாண்களை இடம் மாற்றிப் பொருத்தி இப்படி மடங்கிய விரல்களுக்கு மீண்டும் வேலை கொடுத்தன. உலகம் முழுவதும் கை மறுசீரமைப்பு அறுவைக்கு அது முன்னோடியானது.

எல்லோருக்கும் இல்லாத ஒரு தசை

கட்டைவிரல் நுனியையும் சுண்டுவிரல் நுனியையும் சேர்த்து வைத்து, மணிக்கட்டைச் சற்று உள்நோக்கி மடக்குங்கள். மணிக்கட்டின் நடுவில் கயிறுபோல ஒரு நாண் புடைத்து எழுந்தால், அது பால்மாரிஸ் லாங்கஸ். 'உள்ளங்கைக்குரிய நீளமானது' என்பதுதான் அதன் பெயருக்குப் பொருள். முழங்கையின் உட்புற எலும்பில் தொடங்கி, மெல்லிய நாணாக நீண்டு வந்து உள்ளங்கையில் முடிகிறது.

உங்களுக்கு அந்த நாண் தெரியவில்லை என்றால் கவலைப்பட ஒன்றுமில்லை. உலக அளவில் ஏறத்தாழ 15 சதவீதம் பேருக்கு ஒரு கையிலோ இரண்டு கையிலுமோ இந்தத் தசை இருப்பதில்லை. இனத்துக்கு இனம் இந்த அளவு மாறும். இல்லாதவர்களின் பிடியில் சொல்லிக்கொள்ளும்படியான குறை எதுவும் ஏற்படுவதில்லை. அதனால்தான் வேறு இடத்தில் அறுந்துபோன தசைநாணுக்கு மாற்றாக இந்த நாணை எடுத்துப் பொருத்துகிறார்கள்.

இந்த நாண் போய்ச் சேரும் இடம், உள்ளங்கைத் தோலுக்கு அடியில் விசிறிபோல விரிந்த ஒரு வலுவான நார்ப்படலம். அதன் பெயர் பால்மார் அப்போநியூரோசிஸ். உள்ளங்கைத் தோலைக் கிள்ளி இழுத்துப் பாருங்கள். புறங்கைத் தோல்போல எழும்பி வராது. கீழே இந்தப் படலம் அதைப் பிடித்து நிறுத்தியிருக்கிறது. கடப்பாரையையோ உலக்கையையோ இறுகப் பிடிக்கும்போது தோல் வழுகாமல் இருப்பது இதனால்தான். சிலருக்கு நடுவயதுக்குப் பிறகு இந்தப் படலம் தடித்துச் சுருங்கி, மோதிரவிரலையும் சுண்டுவிரலையும் உள்ளே இழுத்துவிடும். பாரிஸ் நகரின் ஒத்தெல்-தியூ மருத்துவமனையில் 1831-ல் இதை விளக்கி அறுவை செய்த கியோம் டுப்யூட்ரன் பெயராலேயே இந்த நோய் அழைக்கப்படுகிறது. வட ஐரோப்பிய வம்சாவளியினரிடம் இது அதிகம்.

வெளிறிய உள்ளங்கை சொல்லும் செய்தி

உள்ளங்கைத் தோலில் முடி இல்லை. மற்ற இடங்களைவிட நிறமியும் குறைவு. ஆகவே அடியில் ஓடும் ரத்தத்தின் நிறம் ஓரளவு வெளியே தெரிகிறது. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் வகுத்த குழந்தை நல வழிகாட்டுதலில், ரத்தசோகையைக் கண்டறிய முதலில் பார்க்கச் சொல்வது 'பால்மார் பேலர்', அதாவது உள்ளங்கை வெளிறல். சுகாதாரப் பணியாளர் குழந்தையின் உள்ளங்கையைத் தன் உள்ளங்கையோடும் மற்றக் குழந்தைகளின் உள்ளங்கையோடும் ஒப்பிடுகிறார். ஆய்வுக்கூடம் இல்லாத ஊரிலும் இதைச் செய்ய முடியும். மாறாக, உள்ளங்கை வழக்கத்துக்கு மாறாகச் சிவந்திருப்பது 'பால்மார் எரித்தீமா'. கல்லீரல் நோயில் இது வரலாம். கர்ப்ப காலத்தில் நோயே இல்லாமலும் வரும்.

கைக்குழந்தையின் உள்ளங்கையில் விரலை வைத்தால் அது இறுகப் பற்றிக்கொள்ளுமே, அதற்கும் பெயர் இருக்கிறது: பால்மார் கிராஸ்ப் ரிஃப்ளெக்ஸ். ஏறக்குறைய ஆறு மாதத்துக்குள் இது மறைந்து, குழந்தை தானாக விரும்பிப் பிடிக்கத் தொடங்கும்.

'வோலா' தந்த 'வோலார்' என்ற சொல் கையின் முன்புறத்தைக் குறிக்கிறது. வழுக்கி விழும்போது கையை ஊன்றி மணிக்கட்டு எலும்பை முறித்துக்கொள்பவர்கள் பலர். அந்த எலும்பின் உள்ளங்கைப் பக்கத்தில் தகடு வைத்துத் திருகுவதுதான் 'வோலார் பிளேட்டிங்'. கையில் 'பால்மார்' எப்படியோ அப்படியே காலில் 'பிளாண்டார்'. குதிகால் வலிக்குச் சொல்லப்படும் 'பிளாண்டார் ஃபேசியைட்டிஸ்' இதிலிருந்து வந்தது. லத்தீனில் 'பிளாண்டா' என்பதற்கு உள்ளங்கால் என்றும் நாற்று என்றும் இரண்டு பொருள் உண்டு.

கையிலிருந்து மரத்துக்கு

'பால்மா'வும் அப்படித்தான் இரண்டு பொருள் கொண்டது. விரித்த கைபோல ஓலை விரிப்பதால் பனைக் குடும்பத்து மரத்தையும் ரோமானியர் அதே சொல்லால் அழைத்தனர். தாவரவியலில் இந்தக் குடும்பத்தின் பழைய பெயர் 'பால்மே'. இப்போது வழங்கும் பெயர் 'அரிக்கேசி'. பெயரிடும் விதிகள் இரண்டையும் ஏற்கின்றன. பாக்கு மரத்தின் பேரினப் பெயரான 'அரிக்கா'விலிருந்து வந்தது இரண்டாவது பெயர். மலையாள 'அடைக்கா'வும் தமிழ் 'அடைக்காயும்' போர்ச்சுக்கீசியர் வழியே ஐரோப்பா சென்று 'அரிக்கா' ஆயின. ஒரு மரக் குடும்பத்துக்கு இத்தாலியில் பிறந்த பெயர் ஒன்று, தென்னிந்தியாவில் பிறந்த பெயர் ஒன்று.

இந்தக் குடும்பத்தில் எல்லா மரமும் கைவிரிப்பதில்லை. தென்னையும் ஈச்சையும் நடுவே நீண்ட மட்டையும் இருபுறமும் கீற்றுகளுமாக இருக்கும்; அது சிறகு வடிவம். பனையும் தாளிப்பனையும் விசிறியாக விரியும். நம் பனையின் அறிவியல் பெயர் 'பொராசஸ் ஃபிளாபெல்லிஃபெர்'. இரண்டாவது சொல்லுக்கு 'விசிறி தாங்கியது' என்று பொருள்.

ஒரு பனையோலையைக் கையில் எடுத்துப் பாருங்கள். இரு ஓரமும் கருக்கு நிறைந்த மட்டை, ஓலை தொடங்கும் இடத்தில் நின்றுவிடுவதில்லை. சற்று உள்ளேயும் நீண்டு செல்கிறது. அங்கை வடிவமும் சிறகு வடிவமும் கலந்த இந்த அமைப்பைக் 'காஸ்டாபால்மேட்' என்கிறார்கள். 'காஸ்டா' என்றால் விலா எலும்பு. இங்கே நடுநரம்பைக் குறிக்கிறது. குருத்தோலை முதலில் மடிப்பு மடிப்பாகச் சேர்ந்த ஒரே பரப்பாக இருக்கிறது. விரியும்போதுதான் மடிப்பின் வழியே கிழிந்து தனித்தனி விரல்களாகிறது. பனையோலையின் விரல்கள் பிறக்கும்போதே பிரிந்தவை அல்ல.

இலையில் அங்கையைப் படிப்பது

பனையை விட்டு மற்றச் செடிகளுக்கு வந்தால், 'அங்கை வடிவம்' என்பது மூன்று வெவ்வேறு செய்திகளைச் சொல்லப் பயன்படுகிறது. குழப்பம் வருவது இங்கேதான்.

முதலாவது நரம்பமைவு. மா இலையில் ஒரே நடுநரம்பு ஓட, அதிலிருந்து கிளைகள் பிரிகின்றன. அது சிறகு வகை. பூசணி, பப்பாளி, ஆமணக்கு இலைகளிலோ காம்பு வந்து சேரும் ஒரே புள்ளியிலிருந்து பல தடித்த நரம்புகள் விரல்கள்போலப் பிரிந்து விளிம்புக்குப் போகின்றன. இது அங்கை வடிவ விரிநரம்பமைவு. இலந்தை இலையிலும் அடியிலிருந்தே மூன்று நரம்புகள் கிளம்புகின்றன. ஆனால் அவை நுனியை நோக்கி மீண்டும் வளைந்து நெருங்குவதால் அது குவிநரம்பமைவு.

இரண்டாவது, இலையின் வெட்டு. இலைப்பரப்பு ஒன்றாகவே இருக்கும். விளிம்பு மட்டும் மடல்களாகப் பிளந்திருக்கும். பிளவின் ஆழத்துக்கு ஏற்பப் பெயர் மாறுகிறது. பருத்தி இலையில் பிளவு பாதி தூரத்தைத் தாண்டாது, அது 'பால்மேட்டிஃபிட்'. ஆமணக்கில் பாதியைக் கடந்துவிடும், அது 'பால்மேட்டிபார்ட்டைட்'. மரவள்ளியில் காம்புக்கு அருகே வரை இறங்கிவிடும், அது 'பால்மேட்டிசெக்ட்'. மரவள்ளி இலை பார்வைக்குத் தனித்தனி விரல்களாகத் தெரிந்தாலும் அடியில் எல்லாம் ஒட்டியே இருக்கின்றன. ஆகவே அது தனியிலைதான். ஆமணக்குக்கு ஐரோப்பாவில் 'பால்மா கிறிஸ்டி', அதாவது கிறிஸ்துவின் உள்ளங்கை என்றே ஒரு பழம்பெயர் உண்டு.

மூன்றாவது, கூட்டிலை. இங்கே பிளவு முற்றுப்பெற்றுவிட்டது. ஒவ்வொரு விரலும் தனிச் சிற்றிலை. எல்லாம் காம்பின் நுனியில் ஒரே புள்ளியில் சேர்கின்றன. புளியாரையில் மூன்று, நொச்சியில் மூன்று முதல் ஐந்து, இலவத்தில் அதற்கு மேலும் இருக்கும். நொச்சியில் நடுச் சிற்றிலை நீளமாகவும் ஓரத்துச் சிற்றிலைகள் சிறிதாகவும் இருப்பதைக் கையோடு வைத்துப் பார்த்தால், பெயர் எவ்வளவு கச்சிதம் என்று தெரியும். இலவம் இலையுதிர்க்கும்போது சிற்றிலைகள் தனித்தனியே கழன்று விழுவதுண்டு. மரவள்ளி மடல்கள் அப்படி விழ வழியில்லை.

மூன்று சிற்றிலை இருந்தாலே அங்கை வடிவம் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. அவரை இலையைப் பாருங்கள். இரண்டு சிற்றிலைகள் எதிரெதிராக நிற்க, மூன்றாவது சற்றுத் தள்ளி, நீண்ட காம்பின் நுனியில் நிற்கிறது. மூன்றும் ஒரே புள்ளியில் சேராததால் அது சிறகு வகை.

இன்னொரு இடத்திலும் கண் ஏமாறும். ஏழிலைப்பாலை மரத்தில் ஐந்தாறு இலைகள் ஒரே இடத்திலிருந்து வட்டமாக விரிந்து, இலவ இலையைப்போலவே தோன்றும். ஆனால் அவை சிற்றிலைகள் அல்ல. ஒவ்வொன்றும் முழு இலை, தண்டின் ஒரே கணுவில் சுற்றிலும் அமைந்தவை. எப்படித் தெரிந்துகொள்வது? இலைக்கும் தண்டுக்கும் இடையிலான கோணத்தில் மொட்டு இருக்கும். சிற்றிலையின் அடியில் மொட்டு இராது. இலவத்தில் நீண்ட காம்பு தண்டைத் தொடும் இடத்தில்தான் மொட்டைக் காணலாம். மொட்டு எங்கே இருக்கிறதோ அங்கேதான் இலை தொடங்குகிறது.

பெயரிலேயே கை கொண்ட செடிகள்

ஜப்பானிய மேப்பிள் மரத்துக்கு 'ஏசர் பால்மேட்டம்' என்று பெயர் வைத்தவர் சுவீடன் தாவரவியலாளர் கார்ல் பீட்டர் துன்பெர்க். 1775-76-ல் ஜப்பானில் தங்கிச் செடிகளைச் சேகரித்தவர் அவர். ஜப்பானியர் அதற்கு முன்பே மேப்பிளைக் 'காயெதே' என்று அழைத்தனர். 'தவளையின் கை' என்ற பழந்தொடரின் சுருக்கம் அது. ஐரோப்பியர் மனிதக் கையைக் கண்ட இடத்தில் ஜப்பானியர் தவளையின் கையைக் கண்டார்கள்.

மன்னாரிலும் நெடுந்தீவிலும் நிற்கும் பெருக்குமரத்தின் பெயர் 'அடன்சோனியா டிஜிட்டேட்டா'. அரபு வணிகர் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்ததாகக் கருதப்படும் மரம் இது. இதன் சிற்றிலைகள் விரல்களாக விரிவதால் அந்தப் பெயர். 'டிஜிட்டேட்' என்பதும் 'பால்மேட்' கூட்டிலை என்பதும் ஏறக்குறைய ஒன்றே. முன்னது விரலைப் பார்க்கிறது, பின்னது விரல்கள் சேரும் இடத்தைப் பார்க்கிறது. பேரீச்சையின் பெயரான 'ஃபீனிக்ஸ் டாக்டிலிஃபெரா'வில் விரலாவது பழம்.

இவை எல்லாவற்றிலும் வியப்பானது மெக்சிகோவின் கைப்பூ மரம். அதன் பூவில் ஐந்து மகரந்தத்தாள்கள் அடியில் ஒன்றிணைந்து, மேலே ஐந்து சிவந்த விரல்களாகப் பிரிந்து வளைந்து நிற்கின்றன. ஆஸ்டெக் மக்கள் தங்கள் நவாட்டில் மொழியில் இதை 'உள்ளங்கைப் பூ' என்று அழைத்தனர். அறிவியல் பெயரான 'கிரான்தோடெண்ட்ரான் பென்டாடாக்டிலான்' என்பதற்குக் 'கைப்பூ மரம், ஐவிரல் கொண்டது' என்று பொருள்.

'பால்மேட்' செடியோடு நின்றுவிடவில்லை. வாத்தின் காலில் முன்விரல்கள் மூன்றும் தோலால் இணைந்திருப்பது 'பால்மேட்' பாதம். வேடந்தாங்கலுக்கு வரும் கூழைக்கடாவுக்கும் நீர்க்காகத்துக்கும் நான்கு விரல்களும் இணைந்திருக்கும், அது 'டோட்டிபால்மேட்'. இன்னும் ஒரு படி மேலே, கருப்பைவாய்க் குழாயின் உட்சுவரில் கிளைவிடும் மடிப்புகளைப் 'பிளைக்கே பால்மேட்டே' என்கிறார்கள். உடலிலிருந்து மரத்துக்குப் போன சொல், மரத்தின் கிளைப்பு வடிவத்தோடு உடலுக்கே திரும்பியிருக்கிறது.

வடிவம் ஏன் இப்படி?

கைக்கும் அங்கை வடிவ இலைக்கும் உள்ள ஒற்றுமை தோற்றத்தில் மட்டும் இல்லை. மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் ஒரு தமனி, சுண்டுவிரல் பக்கம் ஒரு தமனி. இரண்டும் உள்ளங்கைக்குள் வந்து மேலும் கீழுமாக இரண்டு வளைவுகளில் இணைகின்றன; அவை 'பால்மார் ஆர்ச்'கள். விரல்களுக்கு ரத்தம் முக்கியமாக இந்த வளைவுகளிலிருந்து போகிறது. பொருளை இறுகப் பிடிக்கும்போது ஒரு வழி நசுங்கினாலும் இன்னொரு வழி திறந்திருக்கும். எட்கர் ஆலன் 1929-ல் விவரித்த சோதனை இதைச் சரிபார்க்கிறது: நோயாளி கையை இறுக மூட, மருத்துவர் இரண்டு தமனிகளையும் அழுத்திப் பிடிக்கிறார். கையைத் திறந்ததும் உள்ளங்கை வெளிறியிருக்கும். ஒரு தமனியை மட்டும் விட்டால் சில நொடிகளில் முழு உள்ளங்கையும் சிவக்க வேண்டும். அப்படிச் சிவந்தால் அந்த ஒரு தமனியே கை முழுவதையும் தாங்கும் என்று தெரியும்.

இலையிலும் இதே கணக்கு. லாரன் சாக் குழுவினர் 2008-ல் வெளியிட்ட ஆய்வு, பெருநரம்பை வெட்டிவிட்டு இலைக்குள் நீரோட்டம் எவ்வளவு குறைகிறது என்று அளந்தது. ஒரே நடுநரம்பை நம்பியிருக்கும் இலைகள் அதிகம் பாதிக்கப்பட்டன. பல பெருநரம்புகள் ஒரே புள்ளியிலிருந்து விரியும் இலைகள் சேதத்தை நன்றாகத் தாங்கின. புழு ஒரு நரம்பைக் கடித்தாலும் அடுத்த நரம்பு நீரைக் கொண்டுவரும். வேர் வேறு, வரலாறு வேறு என்றாலும் பூசணி இலையும் மனிதக் கையும் ஒரே வகைச் சிக்கலுக்குப் பல வழிகளை வைத்துத் தீர்வு கண்டிருக்கின்றன.

அடுத்த முறை ஒரு செடியைப் பார்க்கும்போது மூன்று கேள்விகளை வரிசையாகக் கேளுங்கள். நரம்புகள் ஒரே புள்ளியிலிருந்து விரிகின்றனவா? பிளவு எவ்வளவு ஆழம் இறங்குகிறது? மொட்டு எங்கே இருக்கிறது? இந்த மூன்றுக்கும் விடை கிடைத்தால், பெயர் தெரியாத செடியின் இலையையும் சரியாக வருணித்துவிடலாம். ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: இந்தப் பாடத்தைக் கரும்பலகைப் படத்தோடு முடித்துவிடாதீர்கள். ஒரு நொச்சி இலை, ஒரு மரவள்ளி இலை, ஓர் அவரை இலை, இவை நம் ஊர்களில் எளிதில் கிடைப்பவை. அவற்றை மாணவர்களின் உள்ளங்கைமேல் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வேறுபாட்டை அவர்களே கண்டு சொல்வார்கள்.